ஃபயர் பிளாங்கெட்: அடுப்படிக்கு ஒன்று, காருக்கு ஒன்று. என்ன அளவு, எங்கே வைப்பது?

துடியலூர்க்காரன்:

வணக்கம். அடுப்படிக்கும் காருக்கும் ஆளுக்கொரு ஃபயர் பிளாங்கெட் (தீயை மூடி அணைக்கிற போர்வை) வாங்கலாம் என்று தேடினால் 1 மீட்டர் சதுரத்தில் தொடங்கி 6-க்கு 8 மீட்டர் வரை கிடக்கிறது. எது எதற்கு என்று புரியவில்லை.

வீட்டில் இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, மேடைக்கு அடியில் சிலிண்டர், பக்கத்தில் ஓர் இண்டக்‌ஷன். அடுப்பு ஜன்னல் ஓரம். அடுப்படி வாசல் நேர் எதிரே. கார் பெட்ரோல், பகலெல்லாம் வெயிலில் நிற்கும். அதில் 1 கிலோ பவுடர் எக்ஸ்டிங்விஷர் ஏற்கெனவே இருக்கிறது.

ஒரு டப்பாவில் "சமையலறைக்கு ஏற்றது" என்று பெரிதாகப் போட்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் "எண்ணெய்த் தீக்குப் பயன்படுத்த வேண்டாம்" என்கிறார்கள். அடுப்படியில் எண்ணெயைத் தவிர வேறு என்னதான் எரியும்? அப்பா "ஒரு ஈரச் சாக்கு போதும், இதுக்கெல்லாம் காசா" என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய பம்ப்:

தம்பி, பொடி எழுத்தைப் படித்தீர்களே, அதுவே பாதி வேலை.

துணி கண்ணாடி இழையில் நெய்தது. கண்ணாடி எரியாது, உண்மைதான். ஆனால் எண்ணெய்த் தீயில் போர்வை தோற்பது துணி எரிவதால் இல்லை. இரண்டு வழியில் தோற்கும். ஒன்று, நெசவு தளர்வாக இருந்தால் கொதிக்கும் எண்ணெயின் ஆவி இழைகளுக்கு நடுவே கசிந்து மேலே வந்து எரியும். மூடிய பிறகும் போர்வையின் முதுகில் நீலமும் மஞ்சளுமாகத் தீ ஓடும். இரண்டு, போர்வை நடுவில் தொய்ந்து எண்ணெயைத் தொட்டுவிட்டால், துணி எண்ணெயை உறிஞ்சி விளக்குத் திரி மாதிரி வேலை செய்ய ஆரம்பித்துவிடும். அதனால்தான் மலிவான, பூச்சில்லாத, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சல்லடையாகத் தெரிகிற துணியை எண்ணெய்க்கு வைத்துக்கொள்ளக் கூடாது. நெருக்கமான நெசவு, சிலிகான் பூச்சு இருந்தால் நல்லது.

டப்பாவில் பார்க்க வேண்டியது ஈ.என். 1869 என்கிற ஐரோப்பியத் தர எண். 2019-ல் திருத்திய பதிப்பு இருக்கிறது; ஆண்டோடு சேர்த்து "1869:2019" என்று போட்டிருந்தால் எடுங்கள். ஆஸ்திரேலியத் தயாரிப்பில் ஏ.எஸ்./என்.இஸட்.எஸ். 3504 என்று இருக்கும். எண்ணே இல்லாமல் "1000 டிகிரி தாங்கும்" என்று மட்டும் எழுதியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். சாதாரணக் கண்ணாடி இழை 550 டிகிரி வரைதான் நிம்மதியாக நிற்கும். 850-ஐ நெருங்கும்போது இளகும். சிலிகான் பூச்சு அதற்கு வெகு முன்பே புகையும். புகைந்தால் பயப்பட வேண்டாம், பூச்சுதான் போகிறது.

கையில் வாங்கியதும் இழுப்பு நாடாவின் தையலைப் பாருங்கள். நிறைய மட்டமான சரக்கில் துணி கண்ணாடி இழையாகவும், தைத்த நூல் பாலியஸ்டராகவும் இருக்கும். சூட்டில் நூல் உருகி, நாடா கையோடு வந்துவிடும், போர்வை சட்டிக்குள் விழும். ஓரத்தில் ஒரு பிசிர் நூலை இழுத்து, வெளியே கொண்டுபோய்த் தீக்குச்சியில் காட்டுங்கள். கண்ணாடி இழை சிவந்து நிற்கும், சுருண்டு சொட்டாது. தையல் நூலிலும் ஒரு துணுக்குக் கிடைத்தால் அதே சோதனை. உருண்டை கட்டிக் கருகினால் திருப்பி அனுப்புங்கள்.

அளவுக்கு வருகிறேன். 1 மீட்டர் சதுரம் சின்ன வாணலிக்குச் சரி. நம் வீடுகளில் பண்டிகைக்கு எடுக்கிற இரும்புச் சட்டி விட்டத்தில் 35, 40 செ.மீ. வரும், காது வேறு நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு 1.2-க்கு 1.2 குறைந்தபட்சம். உடையில் தீப்பிடித்த ஆளைச் சுற்ற வேண்டும் என்றால் 1.2-க்கு 1.8. ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்றால் இந்த 1.2-க்கு 1.8-ஐ வாங்குங்கள். சதுர மீட்டருக்கு 430 கிராம் துணி என்றால் மொத்தம் ஒரு கிலோவுக்குக் கீழேதான் வரும், வீட்டில் யாரும் தூக்கலாம். அதைவிடப் பெரியது அடுப்படியில் இடைஞ்சல். விரிக்கும்போதே பக்கத்து பர்னரிலும் குழாயிலும் சிக்கும்.

இனி விரிக்கிற விதம். முதலில் பர்னர் குமிழ். அது தீக்குப் பின்னால் இருந்து கை எட்டாவிட்டால் மேடைக்கு அடியில் ரெகுலேட்டரைத் திருப்பி மூடுங்கள். நாடா இரண்டையும் கீழ்நோக்கி ஒரே இழுப்பு. இப்போது இரண்டு மேல் முனைகளையும் பிடித்து, துணியின் விளிம்பை உங்கள் விரல்களுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். கை துணிக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும். இதைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுவார்கள். நுனியை வெறும் விரலில் பிடித்தால் சட்டியை நெருங்கும்போது சூடு தாங்காமல் பாதியிலேயே விட்டுவிடுவோம். துணியை மார்புக்கு முன்னால் திரை மாதிரி பிடித்து, கையை நீட்டி, கீழ் விளிம்பு முதலில் சட்டியின் உங்கள் பக்கத்து ஓரத்தில் பட, அப்படியே அந்தப் பக்கமாகப் படுக்க விடுங்கள். மீன் வலை மாதிரி வீசக் கூடாது. வீசினால் காற்று போகும், சட்டி கவிழும். சுற்றிலும் விளிம்பு மேடையில் படிய வேண்டும்.

அதன் பிறகு கைவைக்காதீர்கள். பொரிக்கிற எண்ணெய் 180 டிகிரி. தானாகப் பற்றிக்கொள்வது 350-ஐத் தாண்டி. அணைந்த எண்ணெய் இன்னும் அந்தச் சூட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது, காற்று மட்டும்தான் இல்லை. "அணைஞ்சிடுச்சா" என்று ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தால் காற்று உள்ளே போய் மறுபடி பிடிக்கும், இந்த முறை உங்கள் முகத்துக்கு நேராக. அலுமினியச் சட்டிக்கு அரை மணி நேரம். கனத்த இரும்புச் சட்டிக்கு ஒரு மணி நேரம் விட்டாலும் தப்பில்லை. ஒருமுறை தீயில் பட்ட போர்வையை மடித்துத் திரும்ப வைக்கக் கூடாது, குப்பைதான். அதையும் ஒரு பையில் கட்டிப் போடுங்கள், கண்ணாடித் தூள் உதிரும்.


அடுப்படி அரசி:

பழைய பம்ப் அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் சட்டியில் மட்டும் எரியும்போது போர்வையைத் தேடி ஓடுவதைவிட, பக்கத்தில் இருக்கிற மூடிதான் வேகம். பொரிக்க உட்காரும்போதே சட்டியைவிட இரண்டு விரல் அகலமான தட்டை மூடியையோ, கைப்பிடி வைத்த தோசைக்கல்லையோ எடுத்து மேடையில் வைத்துவிடுங்கள். கண்ணாடி மூடி வேண்டாம், வெடிக்கும். மேலிருந்து பொத்தக் கூடாது. பக்கவாட்டில் சட்டி விளிம்பில் வைத்துத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். போர்வை எதற்கு என்றால், மூடி பொருந்தாதபோது, எண்ணெய் வழிந்து பர்னரிலும் மேடையிலும் சேர்ந்து எரியும்போது, கரித்துணியிலோ டிஷ்யூ சுருளிலோ பற்றும்போது.

போர்வை எண்ணெயைத் தொடக் கூடாது என்றாரே, அதில் நம் கையில் ஒன்று இருக்கிறது. சட்டியில் பாதிக்குமேல் எண்ணெய் ஊற்றாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு உத்தமம். பொங்கி வழிவதும் குறையும், துணி தொய்ந்தாலும் இடைவெளி இருக்கும். ஈரமான வாழைக்காய், ஃபிரிட்ஜிலிருந்து அப்படியே போடுகிற சிக்கன், இவைதான் பொங்க வைப்பவை.

எண்ணெய் பற்றுவதற்கு முன்னால் புகை மூலம் சொல்லிவிடும். முதலில் லேசான நீலப்புகை, கண் எரிச்சல். அந்த இடத்திலேயே அடுப்பை அணைத்துவிட்டால் போர்வைக்கு வேலையே இல்லை. செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் 180 டிகிரிக்குள்ளேயே புகையும், ரீஃபைண்ட் கடலை எண்ணெய் 230 வரை தாங்கும். அதனால் "புகையவே இல்லையே" என்று ரீஃபைண்ட் எண்ணெயை நம்பி ஃபோனை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போவதுதான் ஆபத்து: அது புகைய ஆரம்பித்தால் பற்றுவதற்கு ரொம்ப தூரம் இல்லை.

அப்பா சொல்கிற ஈரச் சாக்கு பற்றி. கேஸ் ஏஜென்சிக்காரர்கள் செய்து காட்டும்போது ஈரத் துணியால் மூடுவது சிலிண்டர் வாயில் எரிகிற கேஸை. அங்கே தண்ணீர் சொட்டினால் ஒன்றும் ஆகாது. எண்ணெய்ச் சட்டியில் சொட்டினால் கதை வேறு. தண்ணீர் நீராவியானால் சுமார் 1700 மடங்கு விரியும். ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி, 25 லிட்டர் ஆவி: தண்ணீர் கேன் ஒன்று நிறைகிற அளவு, ஒரு நொடியில், சட்டியின் அடியிலிருந்து. மேலே இருக்கிற எண்ணெய் முழுவதையும் தூக்கிக்கொண்டு சீலிங் வரை போகும். சாக்கைச் சொட்டுச் சொட்டாக இல்லாமல் இறுகப் பிழிந்தால் பரவாயில்லைதான். அந்தப் பதற்றத்தில் யார் பிழிவார்கள்?

கம்பளி போடலாம் என்று இன்னொரு பேச்சு உண்டு. அசல் ஆட்டுரோமக் கம்பளி சரி. இப்போது கடையில் "கம்பளி" என்று கிடைப்பதில் பெரும்பாலானவை அக்ரிலிக்கோ பாலியஸ்டரோதான். உருகி ஒட்டும்.

மாட்டுகிற இடம்: அடுப்புக்கு மேலேயோ பக்கத்துச் சுவரிலோ வேண்டாம். தீயைத் தாண்டிக் கை நீட்டி எடுக்க முடியாது. உங்கள் வீட்டில் வாசல் எதிரே என்பது நல்ல அமைப்பு. வாசல் நிலையை ஒட்டி, அடுப்பிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி, தோள் உயரத்தில் இரண்டு ஸ்க்ரூ போட்டு மாட்டுங்கள். எடுத்தபின் தீக்கும் வாசலுக்கும் நடுவில் நீங்கள் இருப்பீர்கள். முடியாவிட்டால் பின்னால் ஓடிவிடலாம். கதவைத் திறந்தால் மறைகிற சுவர் வேண்டாம், அலமாரிக்குள்ளே வேண்டவே வேண்டாம். காலண்டரும் பையும் அதன்மேல் தொங்க ஆரம்பிக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

துணிப்பை உறையைவிடக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பா நல்லது. அடுப்படியில் ஆறே மாதத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, நாடா உறையோடு ஒட்டிக்கொள்ளும். வெல்க்ரோ தூசி பிடித்துவிடும். கரப்பான் முட்டை வைக்கவும் அந்த மடிப்பு வசதி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீடு துடைக்கும்போது கீழே எடுத்து, நாடா அசைகிறதா, துணியில் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பாருங்கள். கறை ஊறிய போர்வை வேண்டாம், மாற்றிவிடுங்கள். துவைக்கவும் கூடாது.

மறந்துவிட்டேன். சிம்னி ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள், கை எட்டுமானால். தீயை மேலே இழுத்து ஃபில்டர் பிசுக்கில் பற்றவைக்கும்.


பழைய பம்ப்:

அரசி அக்கா சொன்னதோடு கேஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. ரப்பர் டியூபிலோ ரெகுலேட்டரிலோ கேஸ் கசிந்து எரிந்தால் அதைப் போர்வையால் மூடி அணைக்கப் பார்க்காதீர்கள். ரெகுலேட்டரை மூட முடிந்தால் மூடுங்கள், தீ தானே போகும். மூட முடியாத நிலையில் தீயை மட்டும் அணைத்தால் கேஸ் கசிந்துகொண்டே இருக்கும். அது காற்றைவிடக் கனம், தரையோடு பரவி ஃபிரிட்ஜ் ரிலேயையோ பக்கத்து அறை பூஜை விளக்கையோ தேடிப் போகும். எரிகிற கேஸைவிட எரியாத கேஸ் மோசம். ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து 101 அல்லது 112. தீ இல்லாமல் கசிவு மட்டும் என்றால் சுவிட்ச் எதையும் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து கேஸ் கசிவுக்கான உதவி எண் 1906.


ஸ்பேனர் 10:

காருக்கு நான் வேறு கட்சி. காருக்கென்று போர்வை வாங்க வேண்டாம் என்பேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

அந்த 6-க்கு 8 மீட்டர் இருக்கிறதே, அது காரில் வைக்கிற பொருளே இல்லை. கணக்கு போட்டுப் பாருங்கள். சின்ன கார் 4 மீட்டர் நீளம், 1.7 அகலம், 1.5 உயரம். மேலே மூடி நாலு பக்கமும் தரையைத் தொட 7-க்கு 4.7 வேண்டும், தரையில் படிந்து கிடக்க இன்னும் கொஞ்சம். அப்படித்தான் 6-க்கு 8 வந்தது. 48 சதுர மீட்டர், அதே 430 கிராம் துணியிலேயே 20 கிலோ. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து காரின் இரு பக்கமும் ஓடி இழுக்க வேண்டும். பற்றி எரிகிற காரின் டிக்கியைத் திறந்து 20 கிலோவை யார் எடுப்பது? பார்க்கிங் கட்டடம், ஒர்க்‌ஷாப், தீயணைப்பு வண்டி, அங்கேதான் அதற்கு வேலை.

சின்னப் போர்வையை போனட் மேலே போர்த்தலாம் என்பார்கள். பிரயோஜனம் இல்லை. என்ஜினுக்குக் காற்று கிரில் வழியாகவும் கீழேயிருந்தும் வருகிறது. மேலே போர்த்தியது ரேடியேட்டருக்கு எப்படித் தெரியும்?

முன்னாலிருந்து புகை வந்தால்: ஓரம் கட்டு, இக்னிஷன் ஆஃப், ஹேண்ட்பிரேக், எல்லாரும் இறங்கு, முப்பது மீட்டராவது தள்ளிப் போ, காற்று வருகிற திசைப் பக்கமாக. நெடுஞ்சாலை என்றால் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம். 101 அல்லது 112. தேசிய நெடுஞ்சாலையில் 1033-க்கும் சொல்லலாம். பெட்டியை எடுக்கிறேன், ஆர்.சி. புத்தகத்தை எடுக்கிறேன் என்று திரும்பக் கூடாது.

எக்ஸ்டிங்விஷர் அடிப்பது எல்லாரும் இறங்கிய பிறகு, தீ ஆரம்ப நிலையில் இருந்தால் மட்டும். உள்ளே இருக்கிற போனட் லிவரை இழுத்தால் போனட் ஒரு விரல் அளவு எழும். அத்தோடு நிறுத்துங்கள், முன்னால் இருக்கிற கொக்கியை விடுவித்துத் தூக்காதீர்கள். தூக்கினால் மொத்தக் காற்றும் உள்ளே போய் தீ முகத்தில் அடிக்கும். அந்தச் சந்தில் நாசிலை வைத்து, புகை எங்கே அதிகமோ அங்கே அடியுங்கள். 1 கிலோ பத்து வினாடிகூட வராது. தவறவிட்டால் அவ்வளவுதான், பின்வாங்குங்கள். வாங்குவதாக இருந்தால் 2 கிலோ வாங்குங்கள். கேஜில் முள் பச்சையில் இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை தலைகீழாகப் பிடித்து அசைத்தால் பவுடர் நகர்வது கையிலேயே தெரியும். கார் அதிர்வில் பவுடர் அடியில் இறுகும். லேபிளில் எத்தனை டிகிரி வரை வைக்கலாம் என்று போட்டிருக்கும். டேஷ்போர்டிலும் பின் கண்ணாடிக்குக் கீழேயும் வெயிலில் அந்த அளவு தாண்டிப் போகும், சீட்டுக்கு அடியில்தான் வைக்க வேண்டும்.

காசு மிச்சமானால் கார் தீப்பிடிக்கிற காரணங்களைச் சரிசெய்யச் செலவழியுங்கள். எக்ஸ்ட்ரா ஹாரன், ஃபாக் லைட், ஆம்பிளிஃபையர் என்று ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக இழுத்த ஒயர். எலி கடித்த ஒயரிங்கும் பெட்ரோல் ஹோஸும். வால்வ் கவர் கேஸ்கெட் கசிந்து சைலன்சர் மேனிஃபோல்டில் சொட்டுகிற ஆயில். சர்வீஸ் முடிந்து என்ஜின் மேல் மறந்த துணி. அறுவடைக் காலத்தில் கிராமத்துச் சாலையில் உளுந்துச் செடி, கொள்ளு, வைக்கோல் காய வைத்திருப்பார்கள். அதன்மேல் ஓட்டினால் டிரைவ் ஷாஃப்ட்டில் சுற்றிக்கொண்டு சைலன்சர் சூட்டில் பற்றும். புகை வாசம் வந்தால் அந்த வைக்கோல் மேலேயே நிறுத்தாதீர்கள். தாண்டி வெறும் தரைக்குப் போய் நிறுத்தி இறங்குங்கள்.


பழைய பம்ப்:

ஸ்பேனர் தம்பி, கார் தீக்கு நீங்கள் சொன்னது முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காரில் 1.2-க்கு 1.8 ஒன்று இருப்பது காருக்காக இல்லை, ஆளுக்காக. விபத்தில் பெட்ரோல் தெறித்து உடையில் பற்றியவர் மேல் பவுடர் அடிப்பதா? மூச்சிலும் கண்ணிலும் போகும். அங்கே போர்வைதான். சீட் துணியில் சிகரெட் கங்கு, அதற்கும் ஆகும்.

ஆளுக்குப் போடுகிற முறை அடுப்பில் போடுவது போல இல்லை. அவர் நின்றால் தீ முகத்துக்கு ஏறும், ஓடினால் இன்னும் ஏறும். முதலில் படுக்க வையுங்கள். போர்வையை உங்களுக்குக் கேடயமாக முன்னால் பிடித்து நெருங்கி, கழுத்தை ஒட்டி மேல் விளிம்பை அழுத்தி, அங்கிருந்து கால் பக்கமாக மூடிக்கொண்டே போங்கள். கால் பக்கமிருந்து ஆரம்பித்தால் தீயை முகத்துக்குத் தள்ளுவீர்கள். தலையை மூடக் கூடாது. மேலே தட்டி அணைத்து, அணைந்ததும் போர்வையை உடனே எடுத்துவிடுங்கள். எண்ணெய்ச் சட்டிக்குச் சொன்னதற்கு நேர் எதிர். உள்ளே இருக்கிற சூடு தோலை வேகவைத்துக்கொண்டே இருக்கும். பிறகு 20 நிமிடம் ஓடுகிற தண்ணீர். வளையல், மோதிரம், மெட்டி, கொலுசு வீங்குவதற்குள் கழற்றுங்கள். தோலில் உருகி ஒட்டிய பாலியஸ்டரைப் பிய்க்காதீர்கள். பேஸ்ட், இங்க், மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். 108.

காரில் வைக்கிற இடம்: டிக்கி வேண்டாம். டிரைவர் சீட்டுக்கு அடியிலும் வேண்டாம், பிரேக் பிடிக்கும்போது உருண்டு வந்து பெடலுக்கு அடியில் நிற்கும். முன் பயணி சீட்டின் பின்பக்கப் பையில் வையுங்கள், நாடா வெளியே தெரிகிற மாதிரி. வெயில் கண்ணாடி இழையை ஒன்றும் செய்யாது. உறையின் பிளாஸ்டிக்கும் வெல்க்ரோ பசையும்தான் இரண்டு கோடையில் இளகும்.


துடியலூர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி. வீட்டுக்கும் காருக்கும் 1.2-க்கு 1.8 ஒவ்வொன்று என்று முடிவு செய்துவிட்டேன். இன்னும் ஒரு சந்தேகம்: கீழே போர்ட்டிகோவில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜில் நிற்கும். அதற்கும் இது ஆகுமா? மிக்ஸி, இன்வெர்ட்டர் புகைந்தால்?


கரண்ட்கம்பி:

இரண்டும் வேறு வேறு.

மிக்ஸி, டிவி, இண்டக்‌ஷன்: கரண்ட் போனால் அது வெறும் பிளாஸ்டிக் தீ, போர்வை போடலாம். ஆனால் கரண்ட் போக வேண்டும். மெயின் எம்.சி.பி.யை இறக்கிவிட்டோம் என்று நினைப்பார்கள். இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் அது உடனே எடுத்துக்கொண்டு அதே லைனுக்குச் சப்ளை கொடுத்துக்கொண்டிருக்கும். இன்வெர்ட்டர் முன்னால் உள்ள சுவிட்சையும் அணைக்க வேண்டும். எந்தப் பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறது என்று இன்றைக்கே மெயினை இறக்கிப் பார்த்துக் குறித்து வையுங்கள். மைக்ரோவேவ், ஓ.டி.ஜி. (கரண்ட் அவன்) உள்ளே எரிந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கதவைத் திறக்காமல் விடுங்கள், அந்தப் பெட்டியே போர்வை.

ஸ்கூட்டர் பேட்டரிக்கு இது ஆகாது. லித்தியம் செல் ஒன்று சூடேறி வெடித்தால் அந்தச் சூடு அடுத்த செல்லை வெடிக்க வைக்கும், அது அடுத்ததை. வெளியே காற்றை நிறுத்தினாலும் உள்ளே அந்தச் சங்கிலி நிற்காது. நிறைய தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்தால்தான் நிற்கும். போர்வை போட்டால் தீ தெரியாது, அவ்வளவுதான். அடியில் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்துகொண்டே இருக்கும். பிறகு யாராவது ஓரத்தைத் தூக்கினால் காற்று கலந்து ஒரேயடியாக வெடிக்கலாம். எலக்ட்ரிக் காருக்கு விற்கிற பெரிய போர்வையிலும் இதே சிக்கல் இருக்கிறது. தீயணைப்புத் துறை ஆட்கள் மூச்சுக் கருவி போட்டுக்கொண்டு கையாள்கிற பொருள் அது.

அதனால் ஸ்கூட்டர் விஷயத்தில் போர்வையை விட இடம்தான் முக்கியம். மாடிப்படிக்கு அடியில், வாசற்கதவை ஒட்டிச் சார்ஜ் போடாதீர்கள். பற்றினால் வீட்டிலிருந்து வெளியேறுகிற ஒரே வழி அடைபடும். எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம், 16 ஆம்பியர் சாக்கெட், எர்த் சரியாக இருக்க வேண்டும். மழையில் நனைந்த பிறகோ ஓட்டி வந்த சூட்டிலோ உடனே சார்ஜ் வேண்டாம், அரை மணி நேரம் ஆறட்டும். "உஸ்" என்று சத்தம், வெள்ளைப் புகை, இனிப்பான ரசாயன வாசம் வந்தால் பிளக்கைக்கூடத் தொடப் போகாதீர்கள், எட்ட இருக்கிற மெயினை இறக்கிவிட்டு வெளியேறுங்கள். அந்தப் புகை நுரையீரலுக்கு விஷம்.


அடுப்படி அரசி:

வந்ததும் பிரிக்காமல் மாட்டிவிடாதீர்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். இரண்டு நாடாவும் சேர்ந்து வருகிறதா, ஒன்று உறைக்குள் மாட்டுகிறதா என்று தெரியும். பூச்சில்லாத துணி கையில் அரிக்கும். தேய்க்காமல் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள், கண்ணைத் தொடாதீர்கள்.

திரும்ப மடிப்பது: தரையில் விரித்து, நாடா உள்ள விளிம்பை உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இடமும் வலமும் விசிறி மடிப்பாக நடுவுக்குக் கொண்டுவாருங்கள், உறையின் அகலத்துக்கு. பிறகு எதிர் முனையிலிருந்து விசிறி மடிப்பாகவே உங்களை நோக்கி மடித்து, நாடா கடைசியில் வெளியே நிற்க, உறைக்குள் விடுங்கள். சுருட்டி வைத்தால் இழுக்கும்போது சுருளாகவே வந்து கையில் நிற்கும், விரியாது.

பழகுவதற்கு அதையே திரும்பத் திரும்ப எடுக்க வேண்டாம், இழை பிய்ந்துவிடும். அதே அளவில் ஒரு பழைய வேட்டியை வெட்டி, எரியாத அடுப்பில் வெறும் சட்டியை வைத்து வீட்டில் எல்லாரும் இரண்டு முறை போடுங்கள். அம்மா உயரத்துக்கு எட்டுகிறதா என்று பார்த்துவிட்டு அதற்கப்புறம் சுவரில் துளை போடுங்கள்.


துடியலூர்க்காரன்:

அளந்து பார்த்தேன். வாசல் நிலை ஓரத்தில் தோள் உயரம் எனக்குத்தான் சரி, அம்மாவுக்கு நாலு அங்குலம் இறக்க வேண்டும். அப்பா வேட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டார். "சாக்கும் ஒரு ஓரமா இருக்கட்டும்" என்கிறார்.


அடுப்படி அரசி:

இருக்கட்டும், காய்ந்தே இருக்கட்டும். அடுப்படியில் மட்டும் வேண்டாம்.